கருப்புக் கவுனி விதைநெல், 'திரும்ப வாங்கும்' ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் வார இறுதிகளில் நடக்கும் இயற்கைச் சந்தைகளில் ஒரு கோஷ்டி கடை போடுகிறது. மேசையில் கண்ணாடிக் கிண்ணத்தில் கருப்பு அரிசி, பின்னால் இயற்கை விவசாயி நம்மாழ்வார் படம், பக்கத்தில் அடுக்கிவைத்த ஒப்பந்தப் படிவங்கள். "ஊர்ல நிலம் இருக்கா சார்? விதை நாங்க தர்றோம், விளைஞ்சதை நாங்களே எடுத்துக்கறோம்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். மதுராந்தகம் பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் என் சித்தப்பாவும் பக்கத்து வயல்காரர்கள் சிலரும் இவர்களை நம்பி ஒரு சம்பா பட்டத்தையே பறிகொடுத்தார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பயனில்லை, அடுத்த சந்தையில் வேறு பெயரில் பேனர் கட்டிவிடுவார்கள். அதனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

விதைநெல்லின் விலை, ஊரில் உழவர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் விலையைப் போலப் பல மடங்கு. சரி, நல்ல விதை என்றால் கொடுக்கலாம். ஆனால் விதையை மட்டும் தர மாட்டார்களாம். கூடவே 'இயற்கை ஊக்கி' என்று கேன் கேனாகப் பழுப்பு நிறத் தண்ணீர். சித்தப்பா வீட்டிலேயே மாடு இருக்கிறது, பஞ்சகவ்யம் அவரே தயாரிக்கிறவர். அவர் தலையிலேயே அதைக் கட்டினார்கள். "இது அடிக்கலேன்னா அறுவடையை எடுக்க மாட்டோம்" என்பது நிபந்தனை. இயற்கை விவசாயம் என்பதே கடைச்சரக்கை நம்பியிருக்காமல் பிழைப்பதற்குத்தான். இவர்கள் அதையும் கடைச்சரக்காக்கிவிட்டார்கள்.

மூட்டை வெறும் வெள்ளைச் சாக்கு. ரகத்தின் பெயர் இல்லை, குவியல் எண் (லாட் நம்பர்) இல்லை, முளைப்புத்திறன் இல்லை, தேதி இல்லை. கேட்டதற்கு, "பாரம்பரிய ரகத்துக்குச் சான்று அட்டை கிடையாதுங்க ஐயா" என்றார்கள். இதில் பாதி உண்மை. நீல நிறச் சான்று அட்டை அரசு அறிவிக்கை செய்த ரகங்களுக்குத்தான். நம் பழைய ரகங்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் விதையை வியாபாரமாக விற்பவர் 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும், ரசீது தர வேண்டும் என்ற மீதிப் பாதியை அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த ரசீதைப் பிறகு நான் வாங்கிப் பார்த்தேன். 'உறுப்பினர் சந்தா' என்று இருக்கிறது. விதை என்ற சொல்லே எங்கும் இல்லை. முழு மோசடியும் அந்த ஒரு வரியில் இருக்கிறது, நாளைக்கு நாங்கள் விதையே விற்கவில்லை என்று கைவிரிக்கலாம்.

"110 நாளில் அறுத்துவிடலாம்" என்றும் சொல்லியிருந்தார்கள். கருப்புக் கவுனி ஏறக்குறைய ஐந்து மாதம் வயலில் நிற்கும் நெல். குறுவை நெல்லுக்குச் சொல்வதை இதற்குச் சொன்னால், ஒன்று அவர்களுக்கு நெல் தெரியாது, இல்லை மூட்டையில் இருப்பது கவுனி இல்லை.

மூட்டையில் இருந்தது கலப்பு. ஒரு பக்கம் கதிர் வாங்கி நிற்க, பக்கத்திலேயே பச்சைப் பயிர் இன்னும் கதிர் வெளிவராமல் தண்டு உருண்டுகொண்டிருந்தது. உயரமும் ஏணிப்படி போல ஏறி இறங்கியது. கதிர் முற்றியதும் சித்தப்பா வரப்பில் உட்கார்ந்து, ஒரு பிடி நெல்லை உருவி, நகத்தால் ஒவ்வொன்றாக உமி நீக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கவுனி என்றால் உள்ளே கருநாவலாக இருக்க வேண்டும். அவர் கையில் கருப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றும் இருந்தன. வெள்ளைதான் அதிகம்.

அறுவடைக்கு 'கொள்முதல் மேலாளர்' என்று ஒருவர் காரில் வந்தார். ஒரு கை நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டு, "கலப்பு இருக்கு, எடுக்க முடியாது" என்றார். விதை கொடுத்ததே நீங்கள்தானே என்றால், "நீங்க பழைய விதையைக் கலந்திருப்பீங்க" என்று பதில். வந்த விலைக்கு உள்ளூர் வியாபாரியிடம் தள்ள வேண்டியதாயிற்று. அதற்கும் ஒப்பந்தத்தில் ஓர் ஆப்பு வைத்திருந்தார்கள்: வெளியாருக்கு விற்கக் கூடாது, அறுவடையிலிருந்து விதை எடுத்துவைக்கக் கூடாது, மீறினால் நஷ்டஈடு. "ஏம்பா, நம்ம வயல்ல விளைஞ்ச நெல்லை நாமளே விதைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கானே, இது எந்த ஊர் நியாயம்?" என்று சித்தப்பா கேட்டார். நெல் போனதைவிட அவருக்கு அதுதான் உறுத்தியது.

எந்த ஊர் நியாயமும் இல்லை. 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒரு நிறுவனம் பதிவு செய்து பாதுகாப்பு வாங்கிய ரகத்தைக்கூட உழவர் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம் என்கிறது. வணிகப் பெயர் அச்சிட்ட விதைப் பையாக விற்பது மட்டும் கூடாது. பதிவு பெற்ற ரகத்துக்கே இப்படி என்றால், பரம்பரை பரம்பரையாக உழவர்கள் காத்துவந்த கவுனிக்கு நேற்று முளைத்த நிறுவனம் எப்படிச் சொந்தம் கொண்டாடும்?

பயமுறுத்துவதற்கு அவர்கள் பெப்சிகோ வழக்கை இழுப்பார்கள். அதையும் முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். எஃப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் உழவர்கள் மீது அந்த நிறுவனம் வழக்குப் போட்டது, சிலர் மீது தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. எதிர்ப்பு கிளம்பவும் 2019 மே மாதம் வழக்குகளை வாபஸ் வாங்கியது. ரகத்தின் பதிவு 2021 டிசம்பரில் ரத்தானது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் பதிவைத் திரும்ப நிலைநிறுத்தியது. பதிவு திரும்பி வந்தாலும் 39ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது.

இனி, நம் கையில் இருப்பது. மூட்டையைப் பிரித்ததும் பல இடங்களிலிருந்து அள்ளி, ஒரு நூறு நெல்லை உமி நீக்கிப் பாருங்கள். இன்னொரு நூறை ஈரச் சாக்கில் சுற்றி முளைக்க வையுங்கள். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 80 சதவீதம், அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் கட்டியும் சோதிக்கலாம். ஒரு கைப்பிடி விதையையும் சாக்கையும் தூக்கிப் போடாதீர்கள். விதைத்து முடித்த உழவரிடம் மாதிரி எங்கே என்று கேட்டு மடக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012லேயே சொல்லிவிட்டது, ஆனாலும் கையில் இருந்தால் பலம்.

திரும்ப வாங்கும் ஒப்பந்தம் போட்டால் அது வியாபாரம், நீங்கள் நுகர்வோர் இல்லை என்று அவர்கள் வக்கீல் வாதாடுவார். எங்களுக்கு வந்த பதில் நோட்டீஸும் அதைத்தான் சொன்னது. வெள்ளை முஸ்லி என்ற மூலிகைப் பயிர் வழக்கொன்றில், அப்படிப்பட்ட ஒப்பந்தம் போட்ட சிறு விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. மனுவை நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விவரம் கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பாரம்பரிய விதை என்றாலே பித்தலாட்டம் என்று யாரும் ஒதுங்க வேண்டாம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் வளர்த்த வழக்கப்படி, விதைத் திருவிழாவில் இரண்டு கிலோ வாங்கிப்போனவர் மறு வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தருவார். படிவமும் இல்லை, சந்தாவும் இல்லை. சித்தப்பா இப்போது உத்திரமேரூர் பக்கத்து உழவர் ஒருவரிடம், அவர் வயலை நேரில் பார்த்துவிட்டு விதை வாங்கியிருக்கிறார்.

அந்தக் கோஷ்டியின் அலுவலகம் என்று ரசீதில் இருந்த வடபழனி மாடி அறையில் இப்போது கூரியர் புக்கிங் நடக்கிறது. எங்கள் மனு செங்கல்பட்டில் விசாரணைக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. போன மாதம் ஒரு சந்தையில் அதே மேசை, அதே படிவம், ரகம் மட்டும் மாப்பிள்ளைச் சம்பா. 'உறுப்பினர் சந்தா' ரசீது வேறு யாரிடமாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள், சேர்ந்து மனு போட அது உதவும்.