பெரம்பலூர் உள்கிராமங்களுக்கு டவுன் பஸ்ஸா, மினி பஸ்ஸா?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் பெரம்பலூர். சுமார் 5.65 லட்சம் பேர், நான்கு தாலுகா. நெடுஞ்சாலையை ஒட்டிய சிறுவாச்சூர், பாடாலூர் போன்ற ஊர்களுக்குப் பஸ் கவலை இல்லை. மெயின் ரோட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிற ஊர்கள்தான் யோசிக்க வேண்டும்: அரசு டவுன் பஸ்ஸை ஊருக்குள் நீட்டிக்கச் சொல்வதா, தனியார் மினி பஸ்ஸுக்குத் தடம் கேட்பதா? எங்கள் ஊர் டவுன் பஸ்ஸைத்தான் கேட்டது. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வோம்.

மினி பஸ்ஸின் வசதிகள் தெரிந்தவைதான். 3.75 மீட்டர் ரோட்டில் எதிரே டிராக்டர் வந்தாலும் மண் ஓரத்தில் இறங்கி ஏறிவிடும். கோயில் முக்கிலேயே திரும்பிவிடும். கை காட்டினால் நிற்கும், சின்ன வெங்காய மூட்டையையும் ஏற்றிக்கொள்ளும்.

ஆனால் தடக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். 2025 மே முதல் நடைமுறையில் உள்ள புதிய மினி பஸ் திட்டப்படி தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் 65 சதவீதமாவது வேறு பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். உங்கள் உள்ரோடு 5 கிலோமீட்டர், அங்கிருந்து டவுனுக்கு மெயின் ரோட்டில் 12 என்றால் மொத்தம் 17. பஸ் இல்லாத பாதை 30 சதவீதம்கூட வராது. அந்த 5 கிலோமீட்டரை மட்டும் வைத்துத் தடம் கேட்டால், 65 சதவீத விதிப்படி மொத்த நீளம் எட்டு கிலோமீட்டரைத் தொடாது. பக்கத்து உள்கிராமங்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கோத்தால்தான் டவுன் வரைக்கும் வரும். இல்லாவிட்டால் மெயின் ரோட்டுக் கைகாட்டியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்.

கட்டணத்தில் பேச அதிகம் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, மினி பஸ்ஸில் உண்டு. தினமும் வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிற வீட்டில் இது பெரிய தொகை.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ராத்திரி கடைசி ட்ரிப். ஒரு பஸ் எட்டரை மணிக்கு ஆறேழு பேரை ஊரில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டும் என்றால், கலெக்‌ஷன் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த ட்ரிப்தான். மினி பஸ் ஓனருக்கு இது நேரடி நஷ்டம். 16 கிலோமீட்டர் தடத்தில் போக வர 32; லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்தால் 4 லிட்டர் டீசல், 360 ரூபாய்க்கு மேல். ஆளுக்குப் பத்து ரூபாய் என்றால் டீசலுக்கு மட்டுமே 36 பேருக்குக் குறையாமல் ஏற வேண்டும். அவர் நிறுத்திவிட்டால் குறை சொல்லவும் முடியாது.

டவுன் பஸ்ஸில் இதற்கு ஒரு வழி உண்டு: நைட் ஹால்ட். பஸ் ராத்திரி ஊரிலேயே தங்கி, விடியற்காலை முதல் ட்ரிப்பாக அங்கிருந்தே கிளம்பும். காலை ட்ரிப் ஓட வேண்டுமானால் ராத்திரி வண்டி ஊருக்கு வந்தே ஆக வேண்டும், அதனால் கடைசி ட்ரிப்பும் நிலைக்கும். ஆகவே வெறும் நீட்டிப்பு கேட்காமல் நைட் ஹால்ட்டோடு கேளுங்கள். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பூட்டுப் போடக்கூடிய அறை, ஃபேன், கழிப்பறை, தண்ணீர் இவற்றைப் பஞ்சாயத்து ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டு மாதத்தில் மோட்டார் பழுதாகித் தண்ணீர் நின்றால் பணியாளர்கள் தங்க மறுப்பார்கள். ஹால்ட் டவுனுக்கே திரும்பிவிடும்.

பழுதிலும் இதே வித்தியாசம். ஸ்பிரிங் பட்டை ஒடிந்தாலோ எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) நின்றாலோ டிப்போவில் ஸ்பேர் பஸ் கேட்க இடமுண்டு. ஒற்றை வண்டி வைத்திருக்கும் மினி பஸ் ஓனரிடம் மாற்று வண்டி இருக்காது. திருவிழாவுக்கு வண்டியை மாற்றி அனுப்புவதும், ஆள் இல்லாமல் ட்ரிப் கட் ஆவதும் டவுன் பஸ்ஸிலும் நடக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. புதிய திட்டத்து மினி பஸ்கள் ஓடி அதிக காலம் ஆகவில்லை என்பதால், இங்கே சொன்னது 1997 திட்டத்து வண்டிகளைப் பார்த்த அனுபவம். ஓனர் உங்கள் ஊர்க்காரராகவே இருந்து வண்டியும் ராத்திரி அங்கேயே நின்றால் என் கணக்கு மாறும். பெரிய பஸ் திரும்பவே இடமில்லாத ஊருக்கு மினி பஸ்தான் வழி.

டவுன் பஸ் என்று முடிவானால் மனுவுக்கு முன் ரோட்டைச் சரிசெய்யுங்கள். 11 மீட்டர் வண்டி ஒரே வீச்சில் திரும்ப ஏறக்குறைய 24 மீட்டர் அகலம் வேண்டும். இல்லையென்றால் ரிவர்ஸ் எடுக்க ஒரு பக்கச் சந்தாவது வேண்டும். சீமைக் கருவேலக் கிளைகளை இரண்டு பக்கமும் வெட்டுங்கள், தாழ்ந்த மின்கம்பியை மின்வாரியத்திடம் சொல்லி ஏற்றுங்கள். கிராமசபைத் தீர்மானம், பள்ளி நேரம், ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஏறக்கூடியவர்களின் எண்ணிக்கை இவற்றோடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெரம்பலூர் கிளை மேலாளருக்கும் திருச்சி மண்டலப் பொது மேலாளருக்கும் மனு கொடுங்கள். ஒரு பிரதியைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் பதியுங்கள். பஸ் வந்த பிறகு பெண்கள் இலவச டிக்கெட்டைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். அந்த ட்ரிப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கு டிப்போவில் இருக்கும் கணக்கு அந்தச் சீட்டுதான்.