5600ஜி கணினியில் டிடிஆர்4 ரேம்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2021 கடைசியில் வீட்டுக்கு ஒரு கணினி அசெம்பிள் செய்தேன். கிராபிக்ஸ் கார்டுகள் அப்போது யானை விலை, குதிரை விலை விற்றன. அதனால் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசஸரை வாங்கி, அதற்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும் என்று விட்டுவிட்டேன். இந்த சிப்புக்குத் தனி வீடியோ மெமரி கிடையாது. நாம் போடும் ரேமில்தான் பங்கு கேட்கும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில், "16 ஜிபி ஒரே ஸ்டிக்கா போட்டுக்குங்க சார், அப்புறம் இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்றார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கு அந்த யோசனை பரவாயில்லை. கிராபிக்ஸும் ரேமையே நம்பியிருக்கும் எனக்கு ஒத்துவராது; ஒரு ஸ்டிக் என்றால் ஒரே சேனல், அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே ஒரே பாதைதான். டிடிஆர்4 வகை ரேமில் 3200 வேகமுள்ளது ஒரு சேனலில் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கடத்தும்; இரண்டு சேனலில் 51.2. எனவே 8 ஜிபி ஸ்டிக் இரண்டு உள்ள கிட்டாக எடுத்தேன். வித்தியாசத்தைப் பார்க்க ஒருமுறை இரண்டையும் ஏ1, ஏ2 ஸ்லாட்டுகளில், அதாவது ஒரே சேனலில் செருகினேன். மொத்தம் அதே 16 ஜிபிதான், ஆனால் கேம் திக்கித் திணறியது. ஏ2, பி2 என்று மாற்றியதும் சரளமாக ஓடியது.

சிஎல் என்பது கேட்ட தரவைக் கொடுக்க ரேம் எடுத்துக்கொள்ளும் சுழற்சிகளின் எண்ணிக்கை. 3200 சிஎல்16, 3600 சிஎல்18 இரண்டுக்கும் கணக்குப் போட்டால் தாமதம் ஒன்றேதான், 10 நானோசெகண்ட். அதே 3200 சிஎல்22 என்றால் 13.75. நான் எடுத்தது முதல் வகை. ரேமில் மின்னும் கலர் லைட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க மனசு வரவில்லை.

பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் செருகியவுடன் ஓடியது 2400இல்தான். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பு மெனு) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்தால்தான் அந்த வேகம் வரும். பயாஸை அப்டேட் செய்யும்போதெல்லாம் இது பழையபடி ஆஃப் ஆகிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ரொம்ப நாள் தொந்தரவே இல்லை. பிறகு பிரவுசர் டேப்கள் தானாக மூட ஆரம்பித்தன. டவுன்லோடு செய்த ஜிப் ஃபைல்கள் பிரிக்கும்போது பிழை காட்டின. விண்டோஸ் மேல்தான் முதலில் சந்தேகம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் ராத்திரி முழுக்க ஓடியதில் பிழைகள் சிவப்பு வரிகளாக வந்து நின்றன. ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக, ஸ்லாட் மாற்றிச் சோதித்தேன். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டியது ஒரே ஸ்டிக்தான்.

வாரண்டி இருந்தது. ஆனால் கிட்டாக வாங்கியதால் இரண்டையும் கொடுக்கச் சொன்னார்கள். மாற்று வரும்வரை கணினி சும்மா கிடந்தது. கடை பில் வேறு தெர்மல் பேப்பர், எழுத்தே மங்கிப்போயிருந்தது. வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்ததால் தப்பித்தேன்.

கிராபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கியதுபோக விண்டோஸுக்குச் சுமார் 14 கிடைக்கிறது. வீடியோ எடிட்டிங்குக்கு அது போதவில்லை. 32 ஆக்கலாம் என்று பார்த்தால் 2025 இறுதியில் ரேம் விலை எகிறிவிட்டது. தயாரிப்பாளர்கள் ஏஐ சர்வர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ரேம் தயாரிப்பாளரான மைக்ரான், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்போது செகண்ட் ஹேண்டில் 16 ஜிபி ஜோடி தேடிக்கொண்டிருக்கிறேன். மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்க்க விடாத ஆளிடம் வாங்குவதாக இல்லை.