குதிரைய நல்லாதான் பாத்துக்கிறாங்க, சளிய மறைச்சதுதான் கடுப்பு (3 ஸ்டார்)

தஞ்சாவூர்லேர்ந்து ஒரத்தநாடு போற பக்கம் புது ஆத்துக்குக் கிட்டக்க இருக்குற லாயம், மாச வாடகைக்கு குதிரை கட்டிக்கலாம். பேரு போடல, ஓனர் நல்ல மனுஷன், அவரு பொழப்புல மண்ண போடுறது என் வேலை இல்ல. ஆனா குதிரை வச்சிருக்கவங்க இத படிச்சிட்டு அப்புறம் எங்க வேணாலும் கட்டுங்க.

நம்மகிட்ட இருக்குறது ஒரு செவலை பொட்டக்குதிரை, ஒன்றரை வருஷமா அங்கதான் நிக்கிது. கொள்ள முதல் நாளே ஊறப்போட்டு குடுப்பாங்க, அருகம்புல்லு வயக்காட்டுலேர்ந்து அன்னன்னைக்கு வரும், கீழ ரைஸ்மில் உமிய கனமா பரப்பி வச்சிருப்பாங்க, லாடம் அடிக்கிறவரு மாசம் ஒரு தடவ கரெக்டா வந்துடுவாரு. இதுக்கெல்லாம் அஞ்சு ஸ்டாரே குடுக்கலாம்.

மார்கழி பாதில வடக்கேர்ந்து லாரில ஒரு மார்வாரி (ராஜஸ்தான் பக்கத்து குதிரை இனம்) வந்து எறங்குச்சு. நேரா எங்க வரிசையிலயே கட்டிட்டாங்க, ஒரே சிமெண்ட் தொட்டில எல்லாத்துக்கும் தண்ணி. ரெண்டு மூணு நாள்லயே அதுக்கு மூக்கு ஒழுகுது, லாயத்துல வேலை பாக்குற பையன்கிட்ட கேட்டா "பனிக்கு சளி புடிச்சிருக்குண்ணே"ங்கிறான். அவன் கைல ஒரு ஈரத்துணி, மார்வாரி மூக்க தொடச்சான், ஒரு ஒதறு ஒதறுனான், அடுத்து என் செவலை மூக்க தொடச்சான். நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன், ஒண்ணும் சொல்லல, அத நெனச்சா இப்பவும் என் மேலயே கோவம் வருது.

பத்து நாள் கழிச்சு போறேன், செவலை கொள்ள பாதில விட்டுட்டு கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கிது, முழுங்க முடியல. தாடைக்கு அடியில கைய வச்சா கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு கட்டி, சூடா இருக்கு. தெர்மாமீட்டர் வச்சா 103.4, குதிரைக்கு 101.5 தாண்டுனாலே காய்ச்சல்தான். அப்பதான் பக்கத்துக் குதிரைக்காரர் மெதுவா சொல்றாரு, மார்வாரிக்கு கட்டி உடைஞ்சு சீழ் வந்து ரெண்டு நாளாச்சு தம்பி, காணும் பொங்கலுக்கு திருக்கடையூர் எல்கை பந்தயத்துக்கு, அதான் குதிரை வண்டி ரேஸுக்கு, ரெண்டு குதிரை போகணும்னு வெளிய சொல்லாம வச்சிருக்காங்கன்னு.

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். நோய் எங்க வேணாலும் வரும், அதுக்கு யாரையும் கொற சொல்ல முடியாது. அந்த ரெண்டு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் ரெண்டு ஸ்டார கொறச்சேன்.

டாக்டர் வந்து பாத்துட்டு ஸ்ட்ராங்கிள்ஸ் மாதிரி இருக்குன்னாரு. பாக்டீரியா நோய், ஒட்டுனா 3 நாள்லேர்ந்து 14 நாளுக்குள்ள காட்டும், பெரும்பாலும் பொழைச்சுக்கும், ஆனா தொட்டி, வாளி, பிரஷ், தலைக்கயிறு, நம்ம கை எல்லாத்துலயும் பரவும். மூக்குலேர்ந்து ஸ்வாப், அதாவது பஞ்சுக்குச்சியால சாம்பிள் எடுத்தாரு. கூடவே ரத்தமும் எடுத்தாரு, ஏன் சார்னு கேட்டா கிளாண்டர்ஸ்ங்கிற இன்னொரு மோசமான குதிரை நோய் இல்லன்னு உறுதி பண்ணிக்கணும்ங்கிறாரு, அது மனுஷனுக்கும் தொத்தும், ஹரியானா ஹிசார்ல இருக்குற தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் வரைக்கும் சாம்பிள் போகும், உறுதியாச்சுன்னா 2009 கால்நடை தொற்றுநோய் தடுப்புச் சட்டப்படி குதிரைய கருணைக்கொலைதான் பண்ணணும். அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்டுல யாருக்கும் சோறு எறங்கல. நல்லவேளை, அது இல்ல.

இங்கேர்ந்து ஓனர பாராட்டியே ஆகணும். டாக்டர் சொன்னத அப்படியே செஞ்சாரு. பந்தயத்துக்கு குதிரை போகாதுன்னு வாசல் கேட்டையே பூட்டிட்டாரு, அதுல நாலு பேரு சண்டைக்கு வந்தாங்க, அதுலயும் ஒருத்தர் ராத்திரியோட ராத்திரியா டாடா ஏஸ்ல குதிரைய ஏத்திட்டு கெளம்பிட்டாரு, எந்த ஊருல போயி பரப்புனாரோ. நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல.

சீக்குக் குதிரைங்கள தென்னந்தோப்பு ஓரமா கீத்துக்கொட்டகை போட்டு தனியா கட்டுனாங்க, அதுக்குன்னு ஒரே ஒரு ஆளு, அவன் இந்தப் பக்கமே வரக்கூடாது. தொட்டிய எறைச்சு, தேய்ச்சு கழுவி, காஞ்சப்புறம்தான் ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்துனாங்க, சாணியும் அழுக்கும் இருந்தா ப்ளீச்சிங் வேலை செய்யாதாம், இது எனக்கே புதுசு. கயித்தையெல்லாம் தொவைச்சு நல்ல வெயில்ல போட்டாங்க. உமிய அள்ளி குழில போட்டு மூடுனாங்க.

நல்லா இருக்குற குதிரைங்களுக்கு காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ காய்ச்சல் பாத்து நோட்டுல எழுதணும். ஏன்னா மொதல்ல காய்ச்சல் வரும், மூக்கு வழியா கிருமி வெளியாவ அதுக்கப்புறம் ரெண்டு நாள் ஆவும், அதுக்குள்ள பிரிச்சுட்டா அடுத்ததுக்கு போகாது. தெர்மாமீட்டர்ல நூல கட்டி, நூல் முனைல துணி காயப்போடுற கிளிப்ப மாட்டி, அத வால் முடில கவ்வ விட்டுட்டு அந்தப் பையன் பாட்டுக்கு அடுத்த வேலைய பாப்பான், உள்ள போயிடுமோ கீழ விழுந்துடுமோங்கிற பயமே இல்ல. துணியால பரப்புனதும் அவன்தான், இப்படி காய்ச்சல கண்டுபிடிச்சதும் அவன்தான், அவன எங்க திட்டுறது.

செவலைக்கு வெந்நீர் ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருந்தோம், கட்டி பழுத்து தானா உடைஞ்சுச்சு. பாக்க நல்லா ஆயிட்டாலும் சில குதிரைக்கு தொண்டைக்கு மேல இருக்குற பையில கிருமி மாசக்கணக்குல தங்கிடுமாம், அதனால வாரம் ஒண்ணுன்னு மூணு ஸ்வாப் எடுத்து மூணும் சுத்தமா வந்தப்புறம்தான் பழைய எடத்துக்கு கூட்டிட்டு வந்தோம். செலவு முழுக்க என் தலைல, பாதியாவது லாயத்துல குடுத்திருக்கலாம், கேட்டேன், ஓனர் சிரிச்சு மழுப்பிட்டாரு.

இப்ப புதுசா வர்ற குதிரைய மூணு வாரம் தோப்புல தனியாதான் கட்டுறாங்க. இத மொதல்லயே செஞ்சிருந்தா ஒண்ணுமே இல்ல. நீங்க எந்த லாயத்துக்கு போனாலும் புல்லு கொள்ளெல்லாம் அப்புறம் பாருங்க, புதுக்குதிரைய எங்க கட்டுவீங்கன்னு மொதல்ல கேளுங்க, பதில் சொல்ல முழிச்சாருன்னா வண்டிய திருப்பிடுங்க.

செவலை இன்னும் அங்கதான் நிக்கிது. வாளி, பிரஷ், மூக்கு தொடைக்கிற துணி எல்லாம் நானே வாங்கிக் குடுத்துட்டேன், பச்சை வாளி, பெயிண்ட்ல பேரு எழுதியிருக்கு, தயவுசெஞ்சு யாரும் எடுக்காதீங்க.