பிரெஞ்சா, காரோ-கானா? சி8 மந்திரியைக் கேளுங்கள்

கிருஷ்ணகிரியில் நடக்கும் ஒருநாள் ரேபிட் (குறுநேர) சதுரங்கப் போட்டிகளில் எனக்குக் கறுப்புக் காய் விழுந்தால், எதிராளி பெரும்பாலும் ராஜாவின் முன்னிருக்கும் சிப்பாயை இ4 கட்டத்துக்கு நகர்த்தித்தான் தொடங்குகிறார். பதிலுக்கு சிசிலியன் என்ற தற்காப்புத் தொடக்கத்தை ஆடச் சொல்வார்கள். அதை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் படிப்பவனுக்கு அத்தனை கிளைகளும் மனத்தில் நிற்காது. மிஞ்சுவது பிரெஞ்சு, காரோ-கான் என்ற இன்னும் இரண்டு தற்காப்புகள்.

இரண்டிலும் நம் இரண்டாவது நகர்த்தல் டி5. அதற்கு முட்டுக்கொடுக்கும் சிப்பாய் இ6-ல் நிற்பதா, சி6-ல் நிற்பதா என்பதில்தான் வழி பிரிகிறது. இ6 என்றால் சி8 கட்டத்தில் நிற்கும் நம் மந்திரியின் வாசலை நாமே அடைத்துவிடுகிறோம். வெள்ளை இ5 என்று முன்னேறிவிட்டால் அது உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். மூன்று ஆண்டு பிரெஞ்சு ஆடினேன். தோற்ற ஆட்டங்களை வீட்டில் மறுபடி வைத்துப் பார்த்தால், பாதிக்குமேல் அந்த மந்திரி பிறந்த கட்டத்தை விட்டு அசைந்திருக்காது.

காரோ-கானில் அதே இ5-க்கு மந்திரி எஃப்5-க்கு வெளியேறிவிடும். பிறகுதான் இ6 என்று கதவைச் சாத்துவோம். இது இலவசமில்லை. வெள்ளையின் டி4 சிப்பாயை இடிக்க எப்படியும் சி5 ஆட வேண்டும். பிரெஞ்சில் அது ஒரே எட்டு. இங்கே சி6-ல் நிற்கும் சிப்பாயே மீண்டும் நகர வேண்டும். ஒரு நகர்த்தல் நட்டம். எனக்கு அந்த நட்டம் பரவாயில்லை.

2024-ல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்தில் குகேஷை அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் வீழ்த்தியது பிரெஞ்சை வைத்துத்தான். ஆனால் அடைபட்ட மந்திரிக்கு வழி தேட அவருக்கு மணிக்கணக்கில் நேரம் இருந்தது. எனக்கு 15 நிமிடம்.

காரோ-கானிலும் கண்ணயரக் கூடாது. ஓசூரிலிருந்து வந்த ஒன்பது வயதுச் சிறுமியின் குதிரை இ4-ல் நின்றது. நான் ஒரு குதிரையை டி7-ல் வைத்தேன். அவள் ராணியை இ2-க்கு நகர்த்தினாள். தன் மந்திரியின் வழியைத் தானே மறைக்கிறாளே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, இன்னொரு குதிரையை எஃப்6-ல் வைத்தேன். அவள் குதிரை டி6-ல் வந்து உட்கார்ந்தது. வெட்டலாம் என்று இ7 சிப்பாயைத் தொட்ட பிறகுதான், அதை எடுத்தால் ராணி நேராக என் ராஜாவைப் பார்க்கும் என்பது உறைத்தது. ஆறாவது நகர்த்தலில் மேட்; ராஜாவுக்குத் தப்ப வழியே இல்லை. வெளியே மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று வாங்கப் போயிருந்த அவள் அம்மா இன்னும் திரும்பியிருக்கவில்லை.