கை தூக்கலா, சீட்டா?

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் பராமரிப்புத் தொகையை உயர்த்தலாமா என்று கேட்கும்போது, கை தூக்கி வாக்களிப்பதா, ரகசியமாகச் சீட்டில் வாக்களிப்பதா என்ற குழப்பம் வரும்.

உண்மைக் கருத்து
கை: பக்கத்து வீட்டுக்காரர் தூக்குவதைப் பார்த்தே பல கைகள் எழும். 1950களில் அமெரிக்காவில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய, ஒரே நீளமுள்ள கோட்டைக் கண்டுபிடிக்கும் சோதனையில், உடனிருந்தவர்கள் சொல்லிவைத்தபடி தப்பான விடை சொன்ன 12 சுற்றுகளில், சோதிக்கப்பட்டவர்களின், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகள் அவர்களோடு ஒத்துப்போயின. கோடுகளின் நீள வித்தியாசமோ பளிச்சென்று தெரியக்கூடியது!
சீட்டு: அதே சோதனையில் விடையைத் தனியாக எழுதச் சொன்னபோது இப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது.

நேரம்
கை: இரண்டு நிமிடம்.
சீட்டு: 40 வீடு என்றால் கால் மணி நேரம்.

கோளாறு
கை: தலைவர் முதலில் தூக்கினால் கதை முடிந்தது. அவர் கடைசியில் தூக்கட்டும்.
சீட்டு: கையெழுத்து காட்டிக்கொடுக்கும். ஒரே அளவுத் தாளில் ‘சரி’, ‘வேண்டாம்’ என்று அச்சடித்து, டிக் மட்டும் போடச் சொல்லுங்கள். பேனா எல்லாம் ஒரே நிறம். சீட்டுகளை விவாதத்துக்கு முன்பே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதிக்குக் கை போதும். பணம், காவலாளி மாற்றம், யார் மீதாவது புகார் என்றால் சீட்டுதான். சீட்டுக்கு வழியில்லையா? மறுப்பவர் ஒருவரை முதலில் பேசவிடுங்கள். ஆஷின் சோதனையிலும், சரியான விடை சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்ததும் ஒத்துப்போவது சரிந்தது.