டேங்க் சொட்டுநீர் கிட்: 2 கோடை ஓட்டிய பிறகு

அட்டைப்பெட்டி மேலே 'மணிக்கு 4 லிட்டர்' என்று பெரிதாகப் போட்டிருந்தது, அதை நம்பித்தான் 60 மாதுளைக் கன்றுகளுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். டேங்கை 1 மீட்டர் மேடையில் ஏற்றி, பைப் எல்லாம் மாட்டி முடித்துவிட்டு, தண்ணீர் சொட்டுகிற மூடி போன்ற டிரிப்பர் ஒன்றுக்குக் கீழே சின்னதாகக் குழி பறித்து டப்பா ஒன்றை இறக்கி வைத்து மணி பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் வந்தது ஒன்றேகால் லிட்டர்.

முதலில் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் விஷயம் இருக்கிறது: அந்த 4 லிட்டர் 1 பார் அழுத்தத்தில். 1 பார் என்றால் தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். நம் மேடை தருவது அதில் பத்தில் ஒரு பங்கு. அழுத்தம் பத்தில் ஒன்றானால் சொட்டுவதும் பத்தில் ஒன்றாகிவிடாது, ஏறக்குறைய மூன்றில் ஒன்று வரும், அதுதான் அந்த ஒன்றேகால். சரி, கிட்டில் கோளாறு இல்லை, ஆனால் டேங்கில் மாட்டுவதற்கென்றே விற்கிற பொருளில் டேங்க் அழுத்தத்தில் எவ்வளவு வரும் என்றுதானே பெரிய எழுத்தில் போட வேண்டும்? கூடுதலாகப் பணம் கொடுத்தால் 'அழுத்தம் சமன் செய்யும்' டிரிப்பர், அதாவது அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஒரே அளவாகச் சொட்டுவது, தருகிறோம் என்றும் கடையில் சொன்னார்கள். மோட்டார் வைத்து ஓட்டுபவர்கள் தாராளமாக வாங்கலாம். மேடை டேங்க்காரர்கள் வாங்காதீர்கள், அது ஒழுங்காக வேலை செய்யவே நம் டேங்க் தருவதைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும்.

இன்னொன்று, இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் நிலத்தின் சரிவு ரொம்பப் படுத்தும். அரை மீட்டர் மேடு ஏறினாலே பாதி அழுத்தம் காலி. முதலில் சரிவோடு மேலும் கீழுமாகப் பைப்பை இழுத்துவிட்டேன், கீழே உள்ள கன்று சேற்றில் நிற்கிறது, மேலே உள்ளது வாடுகிறது. மொத்தத்தையும் பிடுங்கிச் சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில் போட்ட பிறகுதான் சரியானது. அந்த வரிசையை ஒட்டியே தாழ்வான பக்கம் முழங்கால் உயர வரப்பும் எடுத்தேன். வருடத்தில் நாலைந்து முறை அடித்துப் பெய்கிற மழையில் மேல்மண்ணோடு ஓடிப்போய்க்கொண்டிருந்த தண்ணீர் இப்போது கன்றுப் பக்கம் நின்று இறங்குகிறது. கிட் செய்த வேலை இல்லைதான், ஆனால் அதை மாற்றிப் போடாமல் இருந்திருந்தால் வரப்பு யோசனையே வந்திருக்காது.

ஃபில்டர் நன்றாக இருக்கிறது, 120 மெஷ், அதாவது வலையில் அங்குலத்துக்கு 120 கண். வாரம் ஒருமுறை கழற்றி அலசவில்லை என்றால் மட்டும் கோபித்துக்கொள்ளும். டேங்க் வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளை டேங்க் என்றால் உள்ளே பாசி பிடித்து அதுவே டிரிப்பரை அடைக்கும், கறுப்பு டேங்க்தான் வேண்டும்.

கையேட்டில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் உப்பு. போர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன், ஈ.சி. (உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் அளவு) 2 காட்டியது. அப்படியென்றால் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு, 1000 லிட்டர் விட்டால் 1.3 கிலோ. தண்ணீரைச் செடி குடித்துவிடும், உப்பில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். வாய்க்காலில் பாய்ச்சும்போது தண்ணீரோடு அதுவும் கொஞ்சம் ஆழத்துக்குப் போகும். சொட்டுநீரில் ஈர வட்டத்தின் விளிம்புக்கு ஒதுங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. முதல் கோடை முடிவில் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் கோலமாவு தூவின மாதிரி வெள்ளை வளையம், விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கிறது. அப்புறம் ஒரு நாள் லேசாகத் தூறியது, சந்தோஷப்பட்டு வால்வை மூடினேன். பத்து நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது! தூறல் அந்த உப்பைக் கரைத்து நேராக வேருக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இப்போது தூறல் விழுந்தால் சொட்டுநீரையும் திறந்துவிடுகிறேன், உப்பு உள்ளே வராமல் வெளியே தள்ளப்படும். மழையில் நனைந்துகொண்டே வால்வைத் திறக்கிற ஆளைப் பக்கத்து நிலத்தார் பார்க்கும் பார்வை தனி.

தண்ணீர் மிச்சமா என்றால், மிச்சம்தான். வாய்க்காலில் விட்டபோது வழியிலேயே மண் குடித்ததை எல்லாம் சேர்த்தால் இப்போது செலவாவது பாதிக்கும் குறைவு. இந்த முறையை இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் உருவாக்கி, 1965-இல் நெகேவ் பாலைவனத்து ஹட்செரிம் கிப்புட்ஸோடு (கூட்டாக வாழ்ந்து உழைக்கும் கிராமம்) சேர்ந்து நெட்டாஃபிம் என்று நிறுவனமாக்கினார். துளையைச் சின்னதாக்கினால் தூசி அடைக்கும் என்பதால், தண்ணீரை நீளமான வளைவு வழியில் சுற்ற விட்டு வேகத்தைக் குறைத்தார். டிரிப்பர் ஒன்றை உடைத்துப் பாருங்கள், உள்ளே அந்தப் பாதை தெரியும். ஆனால் டிரிப்பர் மட்டும் போட்டுவிட்டு மண்ணை வெயிலில் விட்டால் பாதிப் புண்ணியம் போச்சு. நான் காய்ந்த புல்லை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டேன், அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்தாலே போதுமாக இருக்கிறது.

அணில்கள் பைப்பைக் கடிக்கின்றன, அதற்குக் கிட்டைத் திட்ட முடியாது. பைப் நுனியை அடைக்கிற எண்ட் கேப்பைத் திட்டலாம். பெட்டியில் வந்த 10-இல் 4 வெயில் தாங்காமல் வெடித்துவிட்டன. கேட்டபோது 'மாற்றித் தருகிறோம்' என்றார்கள், அதோடு சரி. இப்போது பைப் நுனியை மடித்துக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன். பைப்புக்குள் படியும் மண்ணை வெளியேற்ற மாதம் ஒருமுறை நுனியைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது, அதற்கு இந்தக் கம்பிதான் கேப்பைவிட வசதி.