கேம் பாயும் கேம் கியரும்: அருகருகே வைத்துப் பார்த்தபோது

கையடக்க வீடியோ கேம் கருவிகளான நின்டெண்டோவின் கேம் பாயையும் சேகாவின் கேம் கியரையும் மேசையில் வைத்து மாறி மாறி விளையாடிப் பார்ப்பவர், முதல் பத்து நிமிடங்களில் கேம் கியர் பக்கமே சாய்வார். அதன் வண்ணத் திரை பின்னொளியுடன் இருட்டறையிலும் பளிச்சென்று தெரிகிறது. கேம் பாயிலோ பச்சை படர்ந்த நான்கு சாயல்கள் மட்டுமே. பின்னொளி இல்லாததால், இடப்பக்க விளிம்பிலுள்ள சிறு சக்கரத்தைத் திருகிக் கான்ட்ராஸ்டைச் சரிசெய்துகொண்டு, ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் புள்ளிக் கணக்கில் இரண்டு திரைகளும் ஒன்றேதான்: 160க்கு 144.

விற்பனைக் கணக்கு இதற்கு நேர்மாறானது. கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. இரு பதிப்புகளையும் நின்டெண்டோ சேர்த்தே கணக்குச் சொல்வதால் இந்த ஒப்பீடு முழுக்க நியாயமானதன்று. ஆனாலும் பத்து மடங்குக்கு மேற்பட்ட இடைவெளியை அது ஒன்று மட்டும் விளக்கிவிடாது.

விடை கருவியின் முதுகில், பேட்டரி மூடிக்கு அடியில் இருக்கிறது. கேம் கியர் ஆறு பென்சில் பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாய்க்கு நான்கே போதும், அவை பதினைந்து மணி நேரம் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவில் 1989இல் கேம் பாய் 89.99 டாலருக்கு வந்தது. 1991இல் அங்கே வந்த கேம் கியரின் விலை 149.99 டாலர். புதுமையான பாகங்களைத் தேடாமல், நன்கு பழகி விலை குறைந்துவிட்ட பாகங்களை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது கேம் பாயை உருவாக்கிய குன்பே யோகோயின் கொள்கை. பெட்டியோடு, விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டைச் சேர்த்துக் கொடுத்ததால் பெரியவர்களும் வாங்கினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1996இல், ஜப்பானில் கற்பனை உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் போகிமான் விளையாட்டு வெளியானபோது, இரண்டு கருவிகளை ஒரு கேபிளால் இணைத்து, பிடித்த உயிரினங்களைப் பரிமாறிக்கொள்ளும் வசதி, முதுமையை எட்டியிருந்த கருவிக்கு மறுவாழ்வே கொடுத்தது.

2004இல் நின்டெண்டோவின் அடுத்த தலைமுறைக் கையடக்கக் கருவியான டிஎஸ்ஸும் சோனியின் பிஎஸ்பியும் மோதியபோது ஏறக்குறைய இதே கதை நடந்தது. அழகிலும் ஆற்றலிலும் பிஎஸ்பியே உயர்ந்தது என்பது என் கருத்து. எட்டுக் கோடி அளவில் விற்ற ஒன்றைத் தோல்வி என்று சொல்வதும் பொருந்தாது. ஆனால் தொடுதிரையும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளும் அதுவரை கன்சோலைத் தொட்டிராதவர்களையும் இழுத்துவர, டிஎஸ் 15 கோடியே 40 லட்சத்தை எட்டியது. நின்டெண்டோவும் சறுக்காமல் இல்லை: 2011இல் டிஎஸ்ஸின் வாரிசாக 25,000 யென்னுக்கு வந்த 3டிஎஸ்ஸை ஆறே மாதத்தில் 15,000 யென்னுக்கு இறக்க வேண்டியதாயிற்று.

இன்று பழைய கருவியாக வாங்க நினைப்பவர்கள் கேம் கியரில் கெபாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு பாகங்கள்) மாற்றப்பட்டனவா என்று கேட்டறிவது அவசியம்; மாற்றாதவற்றில் அவை கசிந்து ஒலியும் படமும் மங்குவது வழக்கம். கேம் பாயில் பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரையில் செங்குத்துக் கோடுகள் விட்டுப்போயிருக்கின்றனவா என்றும் கவனித்தால் போதும்.